ரசீது எங்கே?



போன மாதம் ஒரு நாள், காலை ஆறு மணி. நம் ஊர் மேம்பாலத்தடியில், கூலிக்கு ஆள் எடுக்கும் இடத்தில் சங்கச் சந்தா வசூலித்துக்கொண்டிருந்தேன். ஒரு சித்தாள் அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தார். ரசீதை எழுதிக் கிழித்து நீட்டினேன். வாங்கிக்கொண்டவர் நகரவில்லை. "அடிக்கட்டையக் காட்டு தம்பி" என்றார். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். கார்பன் தாள் தேய்ந்திருந்ததால் அவர் பெயரில் பாதிதான் பதிந்திருந்தது. "எங்கிட்ட இருக்கிறது வெறும் சீட்டு. உங்கிட்ட இருக்கிறதுதான் கணக்கு. அதுல எம்பேரு முழுசா இருக்கணும்" என்றார். பேனாவை அழுத்திப் பெயரை முழுதாக எழுதிக் காட்டிய பிறகுதான் பாண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வண்டி ஏறப் போனார்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நூறு ரூபாய் கொடுக்கும் தொழிலாளி அடிக்கட்டையைக் கேட்கிறார். நம்மை ஆளுகிறவர்களுக்குக் கோடிகளைக் கொடுத்தவர்கள் யார் என்று ஆறு ஆண்டுகள் இந்த நாட்டுக்குச் சொல்லப்படவே இல்லை. சொல்ல வேண்டியதில்லை என்று அதற்குச் சட்டமே இருந்தது.

நினைவிருக்கும் உங்களுக்கு. தேர்தல் பத்திரம். 2017 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரையில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அறிவித்தார். 2018 ஜனவரி 2 அன்று நடைமுறைக்கு வந்தது. பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளுக்குப் போய் ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை பத்திரம் வாங்கலாம், விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம், கட்சி பதினைந்து நாளுக்குள் அதைப் பணமாக்கிக்கொள்ளலாம். பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இருக்காது. கட்சியும் யாரிடம் வாங்கினோம் என்று தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் ஒரு கம்பெனி கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று கம்பெனிச் சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. ரிசர்வ் வங்கி வேண்டாம் என்று எழுதியது. தேர்தல் ஆணையம் ஆட்சேபித்தது. மாநிலங்களவை குறுக்கே நிற்க முடியாதபடி எல்லாத் திருத்தங்களையும் நிதிச் சட்டத்துக்குள் செருகி, பண மசோதாவாக நிறைவேற்றிக்கொண்டார்கள்.

அந்தப் பத்திரத்தில் வெறும் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று இருந்தது, தோழர்களே. புற ஊதா ஒளியில் பிடித்தால் மட்டும் தெரியும். பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் 2018இல் பத்திரம் வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து இதை வெளியே கொண்டுவந்தார். ஆக அடிக்கட்டை இருந்தது. மக்கள் பார்க்க முடியாத இடத்தில் இருந்தது. பத்திரம் வாங்கியவரிடம் கட்டணம் என்று ஒரு பைசா வாங்கவில்லை. அச்சடித்த கூலியும் வங்கிக்குரிய கமிஷனும் அரசுக் கஜானாவிலிருந்து போயின. அதாவது நாம் வாங்கும் சோப்பிலும் சீயக்காயிலும் பிடித்த வரியிலிருந்து.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், சந்திரசூட் தலைமையில், இந்தத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் காமன் காஸ் அமைப்பும் மார்க்சிஸ்ட் கட்சியும் ஜெயா தாக்கூரும் போட்ட வழக்குகள் அவை. விவரத்தைத் தொகுத்துத் தர ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று வங்கி கேட்டது. அதற்குள் மக்களவைத் தேர்தலே முடிந்திருக்கும். மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்தது, மறுநாளே கொடு என்றது. ஐந்தாண்டு விற்பனையின் கணக்கு மறுநாளே வந்தது. 22,217 பத்திரங்கள். திட்டம் தொடங்கிய நாள் முதல் மொத்தம் 16,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். அந்த ஒரு பத்திரத்தின் தொகைக்கு நம் சித்தாள் அக்கா எத்தனை ஜென்மம் கல் சுமக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதிகம் வாங்கியது மத்தியில் ஆளும் பாரதிய ஜனதா. 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய கணக்கில் மட்டும் 6,000 கோடியைத் தாண்டியது. அதோடு நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையாகப் பேசியதாக ஆகாது. திரிணாமுல், காங்கிரஸ், தெலங்கானாவின் பாரத ராஷ்டிர சமிதி எல்லோரும் வாங்கினார்கள். நம் மாநிலத்தில் திமுக 656.5 கோடி ரூபாய் வாங்கியது. அதில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனம் கொடுத்தது. இதைத் திமுகவே தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவித்தது. கோவையோடு தொடர்புடைய அந்த ஃபியூச்சர் கேமிங் நிறுவனம்தான் நாட்டிலேயே அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003இலேயே தடை செய்துவிட்டோம். தடைக்கு முன் எத்தனை கொத்தனார்களின் சனிக்கிழமைக் கூலி லாட்டரிக் கடையில் கரைந்தது என்பது இங்கே நரைத்த தலைகளுக்குத் தெரியும். இன்றும் வேறு மாநிலங்களில் நம்மைப் போன்ற கூலிக்காரர்கள்தான் அந்தச் சீட்டை வாங்குகிறார்கள். ஒவ்வொரு சீட்டிலும் எண் பளிச்சென்று அச்சடித்திருக்கும்.

எந்த நிறுவனம் எந்தக் காரியத்துக்காக எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. அது நிரூபிக்கப்பட வேண்டிய விஷயம். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொல்லிப் போட்ட மனுக்களை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே அந்தக் கதவு இப்போதைக்குச் சாத்தியிருக்கிறது. பெயர்ப் பட்டியல் மட்டும் வெளியே கிடக்கிறது. அதை எடுத்துப் படித்து, எந்தச் சட்டம் எப்போது மாறியது, எந்த ஒப்பந்தம் எப்போது கைமாறியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பத்திரம் ஒழிந்ததே, இன்னும் என்ன என்று ஒரு தோழர் போன கூட்டத்தில் கேட்டார். பத்திரம் ஒழிந்தது, பணம் ஒழியவில்லை. தேர்தல் அறக்கட்டளைகள் என்று ஒரு வழி முன்பிருந்தே திறந்திருக்கிறது. பல கம்பெனிகள் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்கும், அறக்கட்டளை கட்சிகளுக்குக் கொடுக்கும். கொடுத்தவர் பெயர் தெரியும், வாங்கியவர் பெயர் தெரியும், யார் காசு யாருக்குப் போனது என்பது குளத்தில் கரைத்த உப்பு. இருபதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடை என்றால் பெயரே சொல்ல வேண்டாம் என்பதும் அப்படியே இருக்கிறது.

பணம் போகும் வழி ஒன்று என்றால், பேச்சு போகும் வழி இன்னொன்று. லாபி என்கிறார்கள், நம் ஊர்ச் சொல்லில் தரகு. 2012 டிசம்பரில் நாடாளுமன்றமே ஸ்தம்பித்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை அனுமதிப்பது பற்றி மக்களவையில் டிசம்பர் 5 அன்று வாக்கெடுப்பு நடந்து அரசு ஜெயித்தது. சில நாட்களில் ஒரு செய்தி வந்தது. வால்மார்ட் நிறுவனம் 2008 முதல் லாபிக்காகச் சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்ததாக அமெரிக்க செனட்டிடம் கணக்குக் கொடுத்திருந்தது. பல விஷயங்களுக்கான செலவு அது, இந்தியச் சந்தைக்குள் நுழைவதும் அவற்றில் ஒன்று. செலவெல்லாம் அமெரிக்காவில் நடந்தது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அரசு, நீதிபதி முத்கல் தலைமையில் ஒரு விசாரணை வைத்தது. முடிவில் நமக்குத் தெளிவாக எதுவும் கிடைக்கவில்லை.

இதில் எனக்கு நெஞ்சில் தைப்பது வேறு. நம் அண்ணாச்சி கடையின் தலையெழுத்தை மாற்றக்கூடிய ஒரு விஷயத்துக்கு எவ்வளவு செலவானது என்பதை அமெரிக்கா என்ற இன்னொரு நாட்டின் ஆவணத்தைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொண்டோம். அங்கே 1995இல் போட்ட சட்டப்படி, யாருக்காக, எந்தப் பொருள் குறித்து, எவ்வளவு செலவில் லாபி செய்கிறோம் என்று பதிவு செய்தே ஆக வேண்டும். அதனால் அங்கே லாபி ஒழிந்துவிடவில்லை, கொழுத்துத்தான் போயிருக்கிறது. ஆனாலும் பேர் எழுதிய ஒரு தாள் இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. அமைச்சரை யார் போய்ப் பார்த்தார்கள், ஒரு மசோதாவின் எந்த வரி யார் மேசையில் எழுதப்பட்டது, நமக்குத் தெரிய வழியில்லை.

நமக்கும் ஒரு மேசை இருந்தது, தோழர்களே. இந்தியத் தொழிலாளர் மாநாடு. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசும் மாநாடு. 1942இல் வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கியது. 46ஆவது மாநாடு 2015 ஜூலையில் நடந்தது. அதன் பிறகு கூட்டவே இல்லை. அதே காலத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனி வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். நாடாளுமன்றம் கூடாத நாளில், அவசரச் சட்டம் போட்டு. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தபோது, மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மாநிலங்களவையில் ஒரே நாளில் நிறைவேறின. முதலாளிகளுக்கு அவசரம் என்றால் அவசரச் சட்டம். நமக்கு மாநாடு நடத்தப் பத்தாண்டில் ஒரு நாள் கிடைக்கவில்லை.

அந்தத் தொகுப்புகளில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பை எடுத்துப் படியுங்கள். நம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியங்களின் உயிர் எது? கட்டடச் செலவில் ஒரு சதவீதம் பிடிக்கும் செஸ். இனி அந்தச் செஸ் எவ்வளவு என்று கட்டடம் கட்டுகிறவரே கணக்கிட்டுக்கொண்டு கட்டலாம் என்கிறது சட்டம். முன்பு சொந்த வீடு என்றால் பத்து லட்சம் ரூபாய் செலவு வரைதான் விலக்கு. இப்போது ஐம்பது லட்சம் வரை. நம் ஊரில் ஐம்பது லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளில்தானே நம்மில் பெரும்பாலோருக்கு வேலை? இந்த விதிகளைச் சேர்க்கச் சொல்லி நாம் யாரும் கேட்கவில்லை. கேட்டது யார்? அந்த ரசீதும் இல்லை.

செஸ் பணத்தின் கதையை முழுதாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம் வியர்வை.

2017இல் நம் கிளையைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் இரண்டாவது மாடிச் சாரம் சரிந்து இறந்தார். அவர் மனைவி நிவாரணத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு ஒன்பது மாதம் நடந்தார். அட்டை புதுப்பித்த விவரம் கணினியில் இல்லை என்றார்கள். நான் சங்கப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். அந்த அம்மாவின் கையில் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை. அதற்குள் நலவாரிய அட்டை, இறப்புச் சான்று, ரேஷன் கார்டு நகல், கணவர் கட்டிய சந்தா ரசீதுகள் எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு வருடவாரியாக. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அந்தப் பையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சிஸ்டத்துல இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். ரசீதை அத்தனை பத்திரமாக வைத்திருந்த ஒரு குடும்பத்தை, கணக்கே காட்டாத ஒரு அமைப்பு திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது.

2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மதன் லோகுரும் நீதிபதி தீபக் குப்தாவும் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். கட்டுமானத் தொழிலாளர் பேரில் நாடு முழுக்க 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருக்கிறது, அவர்களுக்காகச் செலவானதாகச் சொல்லப்படுவது சுமார் 9,500 கோடிதான், மீதி 28,000 கோடி ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்டார்கள். அந்த நிதியில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கப்பட்டிருந்ததைக் கண்டு நீதிமன்றம் அதிர்ந்தது. சாரத்தில் நிற்பவனுக்கு இடுப்பு பெல்ட் இல்லை. அவன் பெயரில் பிடித்த பணத்தில் வாஷிங் மெஷின். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த பிளாஸ்டிக் பைதான் கண்ணுக்குள் நின்றது.

வீண் செலவு என்றால் அமைச்சர் வீட்டு ஏசி, அதிகாரி காரின் டீசல் என்று பேசிப் பழகிவிட்டோம். அதெல்லாம் சில்லறை. பெரிய வீண் செலவு திட்டத்தின் வரைபடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கோதாவரி நதியில் தெலங்கானா கட்டிய காளேஸ்வரம் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 81,911 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு 1,47,427 கோடியைத் தாண்டக்கூடும் என்று 2024 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சொன்னது. போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் வரும் பயன் 52 பைசா என்றது அதே அறிக்கை. திறப்பு விழா 2019 ஜூனில். 2023 அக்டோபரில் மேடிகட்டா தடுப்பணையின் தூண்கள் அமிழ்ந்தன. ஐந்து ஆண்டுகூடத் தாங்கவில்லை. நதிக்குள் தூண் இறக்குவது எத்தனை பொறுப்பான வேலை என்பது நம்மில் பாலம் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரு தூண் இறங்கினால் அதற்கு முன் எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும்!

இத்தகைய திட்டங்களை விற்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கடனைச் சுமப்பவர்கள் நாம். ஏரி தூர்வாருவதிலும் வாய்க்கால் பராமரிப்பிலும் பெரிய லாபம் இல்லை, அதனால் அதற்கு வாதாட டெல்லியில் யாரும் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஊர்க்காரன் கேட்பது மதகுக்கு ஒரு பலகை. வருவது ஆயிரம் கோடி மதிப்பீடு. வீண் செலவும் தரகும் இரண்டு தனி நோய்கள் என்று நான் நம்பவில்லை. யார் காதில் யார் ஓதினார்கள் என்று தெரியாத இடத்தில்தான் தேவையில்லாதது தேவையாகிறது.

"எல்லாக் கட்சியும் இப்படித்தான் தோழர், நாம என்ன செய்ய முடியும்" என்று சொல்பவர்களிடம் நான் கோபப்படுவதில்லை. அலுத்துப்போய்ச் சொல்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ராஜஸ்தானைக் காட்டுவேன். 1990 மே 1 அன்று, நம்முடைய நாளில், பீம் என்ற ஊரில் கூலிகளும் சிறு விவசாயிகளும் கூடி மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அருணா ராய் அவர்களுள் ஒருவர், சென்னையில் பிறந்தவர், ஐஏஎஸ் வேலையை விட்டு வந்தவர். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. வேலை நடந்த இடத்தின் மஸ்டர் ரோலை, அந்தக் கூலி ஏட்டைக் காட்டு. கிடைத்த நகல்களை ஊர் நடுவே, பந்தலுக்குக் கீழே, உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி போயிருந்தது. ஊரிலேயே இல்லாதவர் மண் வெட்டியதாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து "அது நான் இல்லை" என்றார்கள். 1996 ஏப்ரலில் பேவாரில் நாற்பது நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்கள் முழக்கம். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தத் தெருவில் பாய் விரித்தவர்களும் தாய் தகப்பன். பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

அந்தச் சட்டத்தில் நமக்கென்றே எழுதியது போல ஒரு பிரிவு இருக்கிறது. பிரிவு 2 ஜே. தகவல் என்றால் வெறும் தாள் நகல் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடக்கும் வேலையை நேரில் போய்ப் பார்வையிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. தோழர்களே, இதைவிட நமக்கு என்ன வேண்டும்? எஸ்டிமேட்டில் எழுதியிருக்கும் கம்பியின் விட்டம் எவ்வளவு, கட்டிய கம்பி எவ்வளவு என்பதைக் கம்பி கட்டும் தோழர் கையால் தொட்டே சொல்வார். கலவை ஒன்றுக்கு நாலா, ஒன்றுக்கு ஏழா என்பதை உதிரும் பூச்சைக் கிள்ளிப் பார்த்து நம் சித்தாள் சொல்வார். எம் புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏறியிருக்கும் அளவு டேப்பில் நிற்கிறதா என்று பார்க்க இன்ஜினியர் வர வேண்டியதில்லை. ஆடிட்டர்களும் வக்கீல்களும் வந்து நம்மைக் காப்பாற்றுவார்கள் என்று காத்திருந்தது போதும். அந்தக் கலவையைக் கலந்தவர்கள் நாம். சாட்சி நாமே.

இன்னொன்றையும் இந்தக் கூட்டத்தில் சொல்லாமல் போனால் என் மனசாட்சி ஒப்பாது. 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம், ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் பொது அமைப்புகள் என்று உத்தரவிட்டது. ஒரு கட்சியும் பணியவில்லை. நாம் மதிக்கும் இடதுசாரிக் கட்சிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. அவர்கள் தேர்தல் பத்திரத்தைத் தொடவில்லை, மார்க்சிஸ்ட் கட்சி வழக்கே போட்டது, அதற்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனாலும் அந்த உத்தரவை முதலில் ஏற்று நிற்க வேண்டியவர்கள் நம் பக்கத்தவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். உண்டியல் குலுக்கி வசூலித்த இயக்கத்துக்குக் கணக்கைத் திறந்து வைப்பதில் என்ன பயம்? நம் சங்கத்திலிருந்தே தொடங்குவோம். கிளையின் வரவு செலவை இந்த மாதம் முதல் அலுவலகச் சுவரில் ஒட்டுகிறேன். பொருளாளர் என்ற முறையில் இது என் பொறுப்பு. தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவில் சுழித்துவிட்டுப் போங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். நாள் குறைவு. மே 1 கிராம சபைக்கு ஏழு வாரம்கூட இல்லை. தகவல் மனுவுக்குப் பதில் வர முப்பது நாள் ஆகும், அதனால் மனு இந்த வாரமே போக வேண்டும். உங்கள் ஊராட்சியில், உங்கள் வார்டில், கடந்த இரண்டு ஆண்டுகளில் முடிந்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சமுதாயக் கூடம், ஒரு தெருக் கான்கிரீட், ஒரு பள்ளிச் சுற்றுச்சுவர். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டு மனுவைக் கெடுக்காதீர்கள். அதன் மதிப்பீடு, பணி ஆணை, எம் புக் பக்கங்கள், கொடுத்த பில், அந்த வேலைக்காகக் கட்டிய செஸ் தொகை, கட்டிய தேதி. இவ்வளவு கேட்டால் போதும். வேலை நடந்த இடத்தைப் பார்வையிட அனுமதியும் அதே மனுவில் கேளுங்கள். செஸ் கட்டவில்லை என்று பதில் வந்தால் அது தனி மனுவாக மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகும்.

மே 1 அன்று அந்தப் பதிலைச் சபையில் உரக்கப் படிக்க வேண்டும். ராஜஸ்தானில் படித்தது போல, ஒரு வரி விடாமல். படித்து முடித்ததும் மூன்று தீர்மானங்களை முன்வையுங்கள்: கட்சிகளுக்கு வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கொடுத்தவர் பெயரை வெளியிடச் சட்டம், அமைச்சர்களையும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களையும் யார் எதற்காகச் சந்தித்தார்கள் என்ற பதிவேடு, தொழிலாளர் மாநாட்டை உடனே கூட்டு. "இது பஞ்சாயத்து விஷயம் இல்லை" என்று யாராவது எழுந்து சொல்வார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதும் வரை உட்கார்ந்திருங்கள். நகரத்துத் தோழர்கள் பகுதி சபையில் இதையே செய்யுங்கள். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் சாலை, சாக்கடை கேட்பதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் கட்சியின் நன்கொடை அறிக்கை எங்கே? பதில் சொல்லும் வரை டீ கொடுத்து உட்கார வையுங்கள். மரியாதை குறையக் கூடாது. கேள்வியும் குறையக் கூடாது.

மிரட்டல் வரும். காண்ட்ராக்டர் ஆள் வந்து "வேலை வேண்டாமா?" என்று கேட்பார். அதனால் தனி ஆளாக யாரும் மனுப் போட வேண்டாம். ஒரே வேலைக்குப் பத்துப் பேர், பத்து வெவ்வேறு முகவரியிலிருந்து போடுங்கள். பதில் எல்லோருக்கும் வர வேண்டும், எல்லோரையும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. மனு நகல் ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீட்டைச் சங்கமே எழுதிக் கொடுக்கும்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் மனு எழுதும் கூட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஆளுக்கொன்று வாங்கி வாருங்கள். எழுதத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம், கல்லூரி போகும் நம் பிள்ளைகள் எட்டுப் பேர் எழுத வருகிறார்கள். புதிய கார்பன் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மேம்பாலத்தடி அக்காவும் வருகிறார். முதல் மனு அவருடையது. நகலில் தன் பெயர் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்வார்.